மாமாவுக்குக் கம்ப்யூட்டர் போட்ட நாற்காலி

நாம் என்ன படிக்கிறோம் என்பது சொந்தக்காரர்களுக்குப் புரியாமல் இருக்கும்வரை நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். என் படிப்பைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். அம்மா அதைவிடக் கெட்டிக்காரி. "இன்னும் படிக்கிறான்" என்பார். அந்த 'இன்னும்' அவர் வாயிலிருந்து வரும் விதத்தைக் கேட்டவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

காற்றும் தண்ணீரும் எந்த வழியாக ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. ஏதாவது ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அறையோ, குழாயோ, வாய்க்காலோ, எதுவானாலும் சரி. அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். (அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். என் இளமை அதில்தான் போயிற்று.) பழைய ஆட்கள் சதுரம் சதுரமாக வெட்டுவார்கள். பள்ளிக்கூட அசெம்பிளி போல வரிசை பிசகாமல் நிற்கும். ஆனால் தூண், வளைவு, கோணல் மூலை என்று வந்தால் சதுரம் திணறிவிடும். என்னுடையது முக்கோணம். அதில் வரிசை கிடையாது. பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏறிய கூட்டம் மாதிரி, இடம் கிடைத்த இடத்தில் நின்றுகொள்ளும். பக்கத்தில் நிற்பது யார் என்று ஒவ்வொன்றுக்கும் தெரிந்தால் போதும். எந்தக் கோணல் இடத்தையும் முக்கோணத்தால் நிரப்பிவிடலாம் என்பதில் எனக்கு அப்போது தாங்க முடியாத பெருமை.

என் நிம்மதிக்கு வேட்டு வைத்தது அக்காவின் கல்யாணம்.

அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளை வீடு நிபோங் திபால் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தவர், ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, மைக் இல்லாமல் தோட்டத்து ஆட்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல் அவருடையது. பெண் பார்க்க வந்த அன்று மற்றவர்கள் எல்லாம் அக்காவுக்குச் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய் என்று கேட்டார். பிறகு, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்றாதம்மா. நம்ம பக்கம் மாத்தல் கேட்டு நானே நடக்குறேன்" என்றார். அக்கா சம்மதித்தது அந்த நிமிஷத்தில்தான். (தன் முகத்தை அவள் அதற்குப் பிறகுதான் சரியாகப் பார்த்தாள் என்று அத்தான் இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்.)

அந்தப் பெரிய குரலுக்கு ஒரே ஒரு எதிரி, புகை. மாமாவுக்கு இழுப்பு. சட்டைப் பையில் எப்போதும் மூச்சு மருந்துப் பம்பு இருக்கும். பரிசம் போட வந்த அன்று, நல்ல காரியமாயிற்றே என்று அம்மா சாம்பிராணி போட்டார். அவ்வளவுதான். மாமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நின்ற காடியில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். தாம்பூலத் தட்டு காடி ஜன்னலுக்குப் போனது. போகிற வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாமா ஜன்னல் வழியாகவே எங்கள் சம்பந்தத்தை உறுதி செய்தார். திரும்பிப் போகும்போது, "கல்யாணத்துக்கும் நான் வெளியவே நின்னுக்கிறேன், பரவால்ல லா" என்றார். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டு எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஓமத்தைச் சின்னதாக முடித்துவிடலாம் என்று ஐயர் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா ஒப்பவில்லை. ஒரே பிள்ளை, ஓமத்தில் ஒரு சொட்டு நெய்கூடக் குறையக்கூடாது என்றார். மாமாவும் மனைவி பக்கம்தான். கடைசி வரிசையில் ஜன்னலோரமாக அவரை உட்கார வைக்கலாமே என்றார் அப்பா. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் வீடியோக்காரரின் முதுகுதான் தெரியும் என்று அக்கா சொன்னாள்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அக்கா என்னைப் பார்த்து, காற்று எங்கே போகும் என்று உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமாமே, புகை எங்கே போகும் என்றும் தெரியுமா என்று கேட்டாள். புகையும் காற்றோடுதானே போகிறது என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"அப்ப எனக்கு இது ஒண்ணு செஞ்சு குடுடா," என்றாள் அக்கா. "தாலி ஏறும்போது மாமா என் கண்ணு முன்னால நிக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். இத்தனை வருஷப் படிப்பில் முதல்முறையாக வீட்டுக்கு என்னால் ஒரு பிரயோஜனம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே அளவு நாடாவோடு தண்ணீர்மலை ரோட்டுப் பக்கம் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன். தூண், மேடை, மணவறை வரும் இடம், பக்கவாட்டுக் கதவு, எல்லாவற்றையும் அளந்தேன். மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் என்னை நகராண்மைக் கழகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்து ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு நான் யார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

மண்டபம் கம்ப்யூட்டருக்குள் ஏறியது. ஆயிரக்கணக்கான முக்கோணங்கள். மணவறையைச் சுற்றிப் பொடிப்பொடியாக, தள்ளிப் போகப் போகப் பெரிதாக. தூண்களைச் சுற்றி அவை வளைந்து நின்ற அழகைப் பார்த்து நானே மயங்கினேன். அந்த அழகில் இரண்டு விஷயங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று, உயரம். என் கணக்கில் மண்டபத்துக்கு உயரமே கிடையாது. மேலிருந்து பார்த்த தரைப்படம் மட்டும்தான். உயரத்தையும் சேர்த்தால் கம்ப்யூட்டர் தீபாவளி வரைக்கும் ஓடும், கல்யாணமோ வைகாசியில். ஆகவே உயரத்தை விட்டுவிட்டேன். உயரம் இல்லாத மண்டபத்தில் சீலிங் ஃபேன் எப்படி இருக்கும்? அன்றைக்கு எல்லா சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தரையில் நிற்கும் வாடகைக் காத்தாடிகளை மட்டும் வைத்துக் காற்றை நடத்துவது என் திட்டம்.

இரண்டாவது கொஞ்சம் பெரிய விஷயம். இந்தக் கணக்கைப் போட என்னிடம் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று நுணுக்கமான முறை, சரியான சண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த மூலையில் புகை பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று சொல்லும். புகையே இல்லாததைவிடக் குறைவான புகை என்றால் என்ன என்று நான் அதனோடு ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்று பழைய முறை, சாது. ஒருநாளும் மக்கர் பண்ணாது. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கோணத்தின் ஒரு மூலையில் துளிப் புகை நுழைந்தால், முழு முக்கோணத்திலும் அதைக் கலக்கிவிடும். அந்தக் கலவையில் கொஞ்சத்தை அடுத்த முக்கோணத்துக்கு அனுப்பும். அங்கேயும் கலக்கும். ஒரு குவளையில் சீனியைப் போட்டுக் கலக்கி, அதில் கொஞ்சத்தை அடுத்த குவளைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, இப்படியே மேசை முழுக்கப் போனால் கடைசிக் குவளையில் என்ன இனிப்பு இருக்கும்? சீனி இல்லை என்று அர்த்தமா? நாம் கலக்கினோம் என்று அர்த்தம்.

இது எனக்குத் தெரியாததல்ல. இதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சியே. ஆனால் அக்கா கல்யாணத்தில் பூஜ்யத்துக்குக் கீழே புகை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சாதுவையே ஓடவிட்டேன்.

கம்ப்யூட்டர் ஒரு படம் வரைந்து கொடுத்தது. ஆகா, அதுவல்லவா படம். ஓம குண்டத்தில் புகை சிவப்பு. ஆறு காத்தாடிகளும் சேர்ந்து அதை மெல்ல இழுத்துக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவருகின்றன. போகப் போகச் சிவப்பு மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் மணவறைக்குப் பக்கத்திலிருக்கும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறும்போது சுத்த நீலம். நீலம் என்றால் தூய காற்று. அந்தக் கதவுக்கும் மணவறைக்கும் நடுவே, அக்காவின் கண்ணுக்கு நேரே, நாற்காலி போட ஓர் இடம். படத்திலேயே அதிக நீலம் அங்கேதான் இருந்தது.

என் மேற்பார்வையாளர் டாக்டர் டானுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது இந்தப் படத்தையும் காட்டினேன். எந்த முறை என்று கேட்டார். சாது முறை என்றேன். அது எதையும் இருப்பதைவிட மெலிதாகக் காட்டுமே, மறந்துவிட்டாயா என்றார்.

"கல்யாணம்தானே டாக்டர், தீசிஸ் இல்லையே," என்றேன் நான்.

அவர் பத்திரிகையைப் பத்திரமாக டிராயரில் வைத்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் படத்தை விரித்துக் காட்டினேன். அப்பாவுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். நெருப்புக்குப் பின்னால் ஒரே ஒரு காத்தாடியை வைத்துக் கதவைப் பார்த்துத் திருப்பிவிட்டால் என்ன என்று கேட்டார். அப்படிச் செய்தால் சாம்பல் பறக்கும் அப்பா, காற்று என்பது அவ்வளவு சுலபமில்லை என்று விளக்கினேன். எவ்வளவு பொறுமையாக விளக்கினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அம்மா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாமி அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்துச் சாத்தி வைத்தார். அக்கா நிபோங் திபாலுக்குப் போன் போட்டு மாமாவிடம் சொன்னாள். "நீல நாற்காலி" என்ற பேர் அந்தப் போனில்தான் பிறந்தது.

கல்யாண நாள் வந்தது. பட்டு வேட்டி இடுப்பில் படத்தை மடித்துச் செருகிக்கொண்டு, கையில் சுண்ணாம்புக் கட்டியோடு மண்டபத்துத் தரையில் குறி போட்டுக்கொண்டிருந்தேன். காத்தாடி வாடகைக்கு விடும் மணியம் அண்ணே ஆறையும் லோரியில் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கும் ஒரு கொள்கை இருந்தது. இரண்டு காத்தாடிகள் ஒன்றையொன்று பார்த்தால் மோட்டார் கருகிவிடுமாம், எல்லாவற்றையும் சுவரைப் பார்த்து வைத்தால் காற்று முட்டித் திரும்பிக் குளுகுளுவென்று வருமாம். படிக்காத மனிதர் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். (அவருடைய கொள்கையும் தப்புத்தான். ஆனால் அவர் யாரையும் அதை நம்பி நாற்காலியில் உட்கார வைக்கவில்லை.)

சீலிங் ஃபேன்களை நிறுத்தினேன். காலை வெயில் ஏற ஏற, பட்டுச் சேலையில் வந்தவர்கள் எல்லாம் கசகசவென்று நனைந்தார்கள். சித்தி கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே, "இவன் கம்ப்யூட்டருக்கு வேர்க்காது, எனக்கு வேர்க்குது லா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. யார் போய்ச் சுவிட்சைத் தொட்டாலும் விடாமல் நானே காவல் நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் வந்தது. மாமா கருப்பு கோட்டில் இறங்கினார். நானே கையைப் பிடித்து அழைத்துப்போய் நீல நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆட்களைப் பார்த்து, பெரட்டுக் குரலில், தம்பி கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு எனக்கென்றே போட்ட நாற்காலி இது என்று அறிவித்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மணவறையிலிருந்து அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நான்கு மண்டபங்களை அளந்திருப்பேன்.

ஐயர் நெய்யை ஊற்றினார்.

முதலில் எல்லாம் படத்தில் இருந்தபடியே நடந்தது. புகை எழுந்தது, தயங்கியது, முதல் காத்தாடிக் காற்றில் மாட்டியது, திரும்பியது. படத்தில் போட்ட அதே வழி. இரண்டாவது காத்தாடி, தூண், மூன்றாவது காத்தாடி. எனக்குப் புல்லரித்துவிட்டது. போட்ட வழியிலேயே போகிறது பாருங்கள் என்று பக்கத்தில் நின்ற மணியம் அண்ணேயிடம் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் புகை நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது. மஞ்சளாகவில்லை, பச்சையாகவில்லை, கரையவும் இல்லை. கனமான ஒரு கயிறு மாதிரி, குண்டத்தை விட்டுக் கிளம்பிய அதே தடிப்போடு, மண்டபத்தை நிதானமாக ஒரு சுற்று சுற்றி வந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனது. போகிற வழியில் கதவுக்கும் மணவறைக்கும் நடுவே இருந்த நாற்காலியின் மேல் ஏறிப் போனது.

வழி சரி. நூற்றுக்கு நூறு சரி. கரைத்தது மட்டும் நான்.

மாமா எழுந்திருக்கவில்லை. இருமினார், பம்பை எடுத்து இழுத்தார், மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து வாருங்கள் என்று யாரோ கூப்பிட்டதற்குக் கையை ஆட்டினார். "இருங்க லா. தம்பி கணக்குப் போட்ருக்கு. இப்ப போயிரும்," என்றார். ஊர் பார்க்க என்னைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று அந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடினேன். மூன்றாவது காத்தாடியைத் திருப்பினேன். புகைக் கயிறு அப்படியே தாவி நாதஸ்வரக்காரர் முகத்தில் விழுந்தது. ஒரு நல்ல சங்கதியின் நடுவே அவர் அதை முழுதாக விழுங்கினார், நாதஸ்வரம் வாத்து மாதிரி கத்தியது. நான்காவதைத் திருப்பினேன். அட்சதைத் தட்டு காலியானது. மஞ்சள் அரிசி பாதி முன் வரிசைத் தலைகளில், மீதி வீடியோக்காரரின் கேமராவில். ஐந்தாவதைத் திருப்பியதும் சாம்பல் கிளம்பியது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொன்னார். பக்தி என்று நினைத்தேன், அப்புறம்தான் கண்ணீர் வழிவதைப் பார்த்தேன். இனி வேறு வழியில்லை என்று, சீலிங் ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள் என்று கத்தினேன். மேலே கூரையில் அதுவரை சும்மா தங்கியிருந்த புகை முழுக்கக் கீழே இறங்கியது. அப்போதுதான் மண்டபத்துக்கு உயரம் உண்டு என்பது எனக்கே தெரிந்தது.

இரண்டு பேர் மாமாவைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். போகும்போதும் அவர் திரும்பித் திரும்பி, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நடத்துங்கள் என்று சைகை காட்டிக்கொண்டே போனார். நாற்காலி காலியானது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஐயர் தாலியைத் தட்டில் எடுத்து வைத்தார். நான் ஒரு காத்தாடியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா எழுந்து நின்றாள்.

மணவறையில் உட்கார்ந்த பெண் தாலி ஏறுவதற்கு முன் எழுந்து நிற்பதை எங்கள் சாதிசனம் அதுவரை பார்த்ததில்லை. தவில் நின்றுவிட்டது. கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்றே நினைத்தேன்.

"ஐயரே, தாலிய வெளிய கொண்டாங்க," என்றாள் அக்கா. "மாமா எங்க நிக்கிறாரோ அங்க வெச்சுக் கட்டட்டும்."

அக்கினி சாட்சி வேண்டுமே என்று மாப்பிள்ளையின் அம்மா இழுத்தார். ஆனால் கணவர் போன திசையைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தார். அழுதழுது கண் சிவந்துபோயிருந்த ஐயர், நல்ல காற்று கிடைக்கும் என்ற நினைப்பில் சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஓம நெருப்பிலிருந்தே ஒரு குத்துவிளக்கை ஏற்றினார். விளக்குக்குப் புகை இல்லை, அதுவும் அக்கினிதான் என்றார். அத்தான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்து முதல் ஆளாக நடந்தார். அவர்மீது எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மொத்தக் கல்யாணமும் அவர்கள் பின்னால் கிளம்பியது. கார் நிறுத்தும் இடத்தில், நிபோங் திபாலிலிருந்து வந்த பஸ்ஸுக்கும் மணியம் அண்ணேயின் லோரிக்கும் நடுவே இருந்த மரநிழலில் விளக்கை வைத்தார்கள். மாமா பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பம்பை இழுத்துக்கொண்டிருந்தார். தாலித் தட்டு தன்னை நோக்கி வருவதையும், பின்னால் மேளதாளத்தோடு மண்டபமே வருவதையும் பார்த்துவிட்டு எழுந்தார். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பெரட்டில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார். அழுதார். புகையால்தான் என்று பிறகு சொன்னார். அங்கே புகையே இல்லை.

தாலி ஏறியது. அக்காவின் கண்ணுக்கு நேரே, கையெட்டும் தூரத்தில், மாமா நின்றார். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ரோட்டில் நின்று, யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடக் கேட்காமல், அர்ச்சனைக் கூடையிலிருந்த பூவை அள்ளிப் போட்டார்கள். எங்கள் அட்சதைதான் முன்பே பறந்துவிட்டதே.

எல்லோரும் வெளியே இருந்தபோது மண்டபத்துக்குள் ஒரே ஒருவர் மட்டும் இருந்தார். காத்தாடிகளை நிறுத்தலாம் என்று உள்ளே போனபோது பார்த்தேன். காலியான நாற்காலிகளுக்கு நடுவே டாக்டர் டான், தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகை சுழல்வதை ரசித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாதே, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றார். முதலில் போன வழி அபாரம் என்று பாராட்டினார். பிறகு என் தோளில் தட்டி, "இப்ப இது தீசிஸ்," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஒரு வருஷம் அந்த மண்டபத்தையே நுணுக்கமான முறையில் திரும்பப் போட வைத்தார், உயரத்தோடு. கம்ப்யூட்டர் உண்மையாகவே தீபாவளி வரைக்கும் ஓடியது. அந்தச் சண்டி முறை கடைசியில் எனக்குப் பணிந்தபோது, படத்தில் சிவப்புக் கயிறு ஒன்று மண்டபத்தைச் சுற்றி வந்து நாற்காலியின்மேல் ஏறியது. சரியான விடை கிடைத்துவிட்டது என்று டாக்டர் டான் கை குலுக்கினார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. என் ஆராய்ச்சியின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள மண்டபம் எந்த மண்டபம் என்று தேர்வாளர்கள் யாரும் கேட்கவில்லை. அந்த வகையில் நான் பிழைத்தேன்.

அக்கா வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. மணமக்களுக்குப் பின்னால் மணவறை இல்லை, பஸ்ஸின் முகம் இருக்கிறது. அம்மா அப்பா பஸ் ஸ்டாப்பிலா கல்யாணம் பண்ணினார்கள் என்று அக்கா மகள் சின்ன வயதில் கேட்பாள். ஆமாம், உன் மாமன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான் என்று அத்தான் சொல்வார். என் கல்யாணத்தன்று மணமேடையில் ஒரு காத்தாடிகூட இல்லை. என் மாமனாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவைத்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இழுப்போடு இருந்த மாமாதான் அந்தத் தலைமுறையில் எல்லோரையும்விட நீண்ட நாள் இருக்கிறார். சென்ற ஆண்டு அக்கா மகளின் கல்யாணத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். குளுகுளு மண்டபம், சின்ன ஓமம், புகை பேருக்குத்தான். ஆனாலும் வாசலில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். குரல் இறங்கிவிட்டது, ஆனால் அந்தப் பெரட்டுத் தோரணை போகவில்லை.

"தம்பி, உன் கம்ப்யூட்டர் இன்னைக்கு என்னைய எங்க உக்காரச் சொல்லுது?"

ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பதுதான். நானும் ஒவ்வொரு முறையும் செய்வதுபோல யோசிப்பதாகப் பாவனை செய்து, மணவறைக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியைக் காட்டினேன். மாமா தலையை ஆட்டினார். உடனே பேரனைக் கூப்பிட்டு, நேர் எதிர்ப்பக்கமாகத் தள்ளச் சொன்னார். வாசலில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. வழக்கம்போல நானும் சிரித்தேன்.

கொஞ்ச தூரம் போன சக்கர நாற்காலி நின்றது. மாமா பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார்.

"நீயும் இங்கயே வந்துரு லா," என்றார். "உன் கணக்க நம்பி அங்க உக்காராத."

போய் உட்கார்ந்தேன். அங்கே நல்ல காற்று வந்தது.